தீட்சிதர் வீட்டுச் சொத்து

திருத்தணி மலையில் நடந்ததாக ஒரு கதை உண்டு. காசியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த அப்பா வீட்டுக்குத் திரும்பிய ஓர் இளைஞர், அங்கிருந்து திருத்தணிக்கு வருகிறார். மலைக்கோயிலில் நாள் கணக்கில் தியானம். ஒருநாள் முதியவர் ஒருவர் எதிரே வந்து, ‘வாயைத் திற’ என்கிறார். திறந்த வாயில் ஒரு கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்துபோகிறார். வந்தது முருகன்தான் என்று புரிந்த கணத்தில் இளைஞர் வாயிலிருந்து ஒரு பாட்டு பிறக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை அது என்பது மரபு. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அவர் தன் பாட்டில் வைத்த முத்திரை ‘குருகுஹ’. குகனே குரு.

சோளிங்கர் ரோட்டில் எங்கள் கே.ஜி.கண்டிகையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருத்தணி வந்துவிடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு 365 படி ஏறுகிற கூட்டத்துக்கு இந்த மலை அருணகிரிநாதரின் மலை, திருப்புகழ் மலை. அது நியாயம்தான். தீட்சிதரின் பாட்டு சம்ஸ்கிருதம், கச்சேரி மேடைச் சரக்கு, அதனால் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தூரம். ஆனால் அந்தக் கற்கண்டுக் கதை எனக்கு ரொம்ப நாளாக ஓர் உறுத்தல். கதை சொல்கிறபடி பார்த்தால், பாட்டு ஆகாயத்திலிருந்து விழுந்தது. அதற்கு முன் வாய் காலி. அப்படியா?

இல்லை. அந்த வாயில் ஏற்கெனவே இரண்டு தலைமுறைச் சங்கதி இருந்தது. அப்பா இராமஸ்வாமி தீட்சிதர் தன் காலத்தின் பெரிய பாடகர், வீணை அறிந்தவர், புது ராகம் கண்டவர். மகன் வாங்கிக்கொண்டது கற்கண்டு மட்டும் அல்ல, ஒரு வீட்டுச் சொத்து. அந்தச் சொத்து அடுத்த நூறு வருடத்தில் கைமாறி, தத்துப்பிள்ளையிடம் போய், தொலையும் நிலைக்கு வந்து, கடைசியில் ரத்த சம்பந்தமே இல்லாதவர்களிடம் பத்திரமாகச் சேர்ந்தது. அப்பாவின் சங்கீதத்தைப் பிள்ளை காப்பாற்றுவது என்றால் உண்மையில் என்ன என்று கேட்டால், தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது.

அப்பா

இராமஸ்வாமி தீட்சிதர் பிறந்தது 1735இல். பூர்வீகம் வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் விரிஞ்சிபுரம். அதாவது நம்ம பக்கம்தான். அங்கிருந்து குடும்பம் காவிரிக்கரைக்குப் போகிறது. தஞ்சாவூர் வீரபத்ரய்யாவிடம் பாட்டு கற்கிறார். வேங்கடமகியின் வழி வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் வீணையும் சாஸ்திரமும் கற்கிறார்.

இந்த வேங்கடமகி முக்கியம். பதினேழாம் நூற்றாண்டில் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுதி, கணக்குப் போட்டால் 72 மேளங்கள் வரும் என்று சொன்னவர். அவருமே ஒரு மகன்தான். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன். கர்னாடக சங்கீதத்தின் சட்டகம் என்று இன்று நாம் பள்ளியில் படிப்பதன் வேரில் ஓர் அப்பாவும் பிள்ளையும் இருக்கிறார்கள்.

திருவாரூரில் குடியமர்ந்த இராமஸ்வாமிக்கு வெகுநாள் குழந்தை இல்லை. வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியை வேண்டிப் பிறந்த முதல் பிள்ளைக்கு முத்துசுவாமி என்று பேர். பிறகு சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்று இரு மகன்கள், பாலாம்பாள் என்று ஒரு மகள். முருகன் இந்த வீட்டுக்கு வந்தது திருத்தணியில் அல்ல, பேர் வைத்த அன்றே வந்துவிட்டான்.

இராமஸ்வாமி கண்ட ராகங்களில் ஒன்றை இன்று தெரியாதவர் இல்லை: ஹம்ஸத்வனி. ஸ, ரி, க, ப, நி என்று ஐந்தே ஸ்வரம். கச்சேரி தொடங்கினால், கல்யாண வீட்டில் மைக் போட்டால், ‘வாதாபி கணபதிம்’. ராகம் அப்பாவுடையது, பாட்டு மகனுடையது. அப்பாவும் அந்த ராகத்தில் பிரபந்தம் இயற்றியிருக்கிறார், ஆனால் அதை இன்று யாரும் பாடுவதில்லை. ராகம் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது பிள்ளையின் வழியாக. பிறகு பிண்டி பஜார் கரானாவின் அமான் அலி கான் அதை இந்துஸ்தானிக்கு எடுத்துக்கொண்டு போனார். 1956இல் சலில் சௌத்ரி ‘பரிவார்’ படத்தில் அதைச் சினிமாப் பாட்டாக்கினார். திருவாரூர் வீட்டில் ஒருத்தர் வீணையில் தேடிக் கண்டது, இருநூறு வருடத்தில் பம்பாய் ரிக்கார்டிங் அறையில் ஒலித்தது.

அந்த வீடு திருவாரூரிலேயே நிற்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் பிகாட்டுக்குத் துபாஷாக இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அவரும் பின்னர் அவர் மகன் சின்னய்யா என்கிற வேங்கடகிருஷ்ண முதலியாரும் இராமஸ்வாமியை ஆதரித்தார்கள். குடும்பம் மணலிக்கு வந்தது. கோட்டையில் வாசிக்கும் ஐரோப்பிய பேண்டைக் கேட்க முதலியாரோடு பிள்ளைகளும் போவார்கள். அந்தக் காதில் விழுந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி பிற்பாடு சம்ஸ்கிருதச் சொல் போட்டதுதான் ‘நோட்டுஸ்வர சாகித்யங்கள்’. பிரிட்டிஷ் ராஜ வாழ்த்து மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ என்று அம்மன் பாட்டாக மாறியது இந்த வீட்டில்தான். தம்பி பாலுஸ்வாமி இன்னும் ஒரு படி போனார். முதலியார் செலவில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதை நம்முடைய பாட்டுக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைக்க முடியுமா?

பாரம்பரியம் என்று சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ஒரு வீட்டை நாம் கற்பனை செய்கிறோம். இவர்கள் வீட்டில் கதவும் ஜன்னலும் திறந்தே இருந்தன.

பிள்ளை

மணலி வீட்டுக்கு விருந்தாளியாக வந்த சிதம்பரநாத யோகி, போகும்போது மூத்த பிள்ளையை என்னோடு காசிக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். தவமிருந்து பெற்ற பிள்ளை. இராமஸ்வாமி தயங்கினார், கடைசியில் சம்மதித்தார். இந்தச் சம்மதத்தைத்தான் இந்த வரலாற்றில் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன். தன் கையிலேயே வைத்து வளர்த்திருந்தால் முத்துசுவாமி நல்ல ‘இராமஸ்வாமி தீட்சிதர் மகன்’ ஆகியிருப்பார்.

காசியில் அவர் கேட்டது த்ருபத். நிதானம், ஒரு ஸ்வரத்தில் நின்று நின்று நகர்வது, அவசரப்படாத காலம். தீட்சிதர் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு முதலில் தட்டுப்படுவது இந்த நிதானம்தான். யமுனாகல்யாணியில் ‘ஜம்பூபதே’, ஹமீர்கல்யாணியில் ‘பரிமள ரங்கநாதம்’, த்விஜாவந்தியில் ‘சேத ஸ்ரீ’ என்று வடக்கத்தி ராகங்களும் அவரோடு தெற்கே வந்தன. கங்கைக் கரையில் கிடைத்த வீணையையும் எடுத்துக்கொண்டு வந்தார் என்கிறது குடும்ப மரபு.

பிறகுதான் திருத்தணி. அங்கே அவர் பாடியதாகச் சொல்லப்படுவது ஒரு பாட்டு மட்டும் இல்லை, எட்டு. குருகுஹனை எட்டு வேற்றுமையில் வைத்துப் பாடிய எட்டுக் கீர்த்தனை. குருகுஹன் வாழ்க, குருகுஹனை வணங்கு, குருகுஹனால் காக்கப்பட்டேன் என்று போய், எட்டாவதில் ‘குருகுஹனே’ என்று விளி வேற்றுமையில் முடிகிறது. எட்டுக்கும் வேறு வேறு ராகம். ஆனந்தபைரவி, சாமா மாதிரி தெரிந்தவையும் உண்டு. பாடி, பலஹம்ஸ, பானுமதி மாதிரி அபூர்வமானவையும் உண்டு.

கொஞ்சம் நின்று யோசித்தால், இது ஆவேசத்தில் பிறந்தது மாதிரி இல்லை, பாடத்திட்டம் மாதிரி இருக்கிறது. முதல் பாட்டின் ராகம் மாயாமாளவகௌளை. எந்தக் குழந்தையும் சரளி வரிசையை ஆரம்பிக்கிற ராகம். சம்ஸ்கிருதம் படிக்கிற பையன் முதலில் உருப்போடுவது வேற்றுமை. பாட்டின் முதல் பாடம், மொழியின் முதல் பாடம், குருவின் பேர், மூன்றும் ஒரே இடத்தில். அப்பா கொடுத்த சாஸ்திரத்தையும் யோகி கொடுத்த உபாசனையையும் ஒரு கணக்கில் சேர்த்தவர் அந்த மலையில் உட்கார்ந்திருந்தார். கற்கண்டு கரைந்திருக்கும். கணக்கு நின்றது.

இப்படி எண்ணிக்கை வைத்துத் தொகுதி தொகுதியாகப் பாடுவது பிறகு அவர் பழக்கமாகவே ஆகிவிட்டது. திருவாரூரில் கமலாம்பாளுக்கு நவாவரணம், வாரநாட்களின் கிரகங்களுக்கு ஒரு வரிசை, பஞ்சபூதத் தலங்களுக்கு ஒரு வரிசை. கோயில் கோயிலாகப் போனார். காஞ்சிபுரம், சிதம்பரம், மாயவரம், மதுரை. அந்தந்தத் தலத்தின் பேர், மூர்த்தி, கதை, ராகத்தின் பேர் எல்லாவற்றையும் பாட்டுக்குள்ளேயே வைத்தார்.

சீடர்கள் யார் என்று பார்த்தால் அந்த வீட்டின் கதவு மறுபடி திறக்கிறது. தஞ்சை நால்வர் என்று பரதநாட்டியக்காரர்கள் கும்பிடுகிற சின்னய்யா, பொன்னய்யா, சிவானந்தம், வடிவேலு இவரிடம் கற்றவர்கள். திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பன் இவர் சீடர். கமலம் என்கிற நாட்டியக்கலைஞரும் இவர் சீடர். இசை வேளாளர் வீடுகளும் தேவதாசி வீடுகளும் அவர் பாட்டைத் தங்கள் சொத்தாக எடுத்துக்கொண்டன. அவர் சொந்த வீட்டிலோ, அவருக்கு மகன் இல்லை.

தத்துப்பிள்ளை

சின்னஸ்வாமி 1823இல் மதுரையில் இறந்துபோகிறார். பாலுஸ்வாமி எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாகிவிட்டார். தம்பியைத் தேடிக்கொண்டு முத்துசுவாமி அங்கே போகிறார். வழியில் காய்ந்த பூமியைப் பார்த்து அமிர்தவர்ஷிணியில் பாடினார், மழை வந்தது என்பது அந்தப் பயணத்துக் கதை. 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். சமாதியும் அங்கேயே.

இப்போது பாலுஸ்வாமி மட்டும் மிச்சம். அவர் தன் மகள் அன்னபூரணியின் பிள்ளையை, 1839இல் பிறந்த பேரனை, ஐந்து வயதில் தத்தெடுத்தார். சுப்பராம தீட்சிதர். தாத்தாவே அப்பா, அப்பாவே குரு. 1858இல் பாலுஸ்வாமி இறந்ததும் பத்தொன்பது வயதில் எட்டயபுரம் ஆஸ்தான வித்வான்.

சுப்பராமரிடம் இருந்த சொத்து என்ன? முத்துசுவாமியின் பாடல்கள், இராமஸ்வாமியின் பிரபந்தங்கள், வேங்கடமகி வழி வந்த ராக இலக்கணங்கள். எல்லாம் நினைவிலும் ஓலையிலும் வீட்டுக் காகிதங்களிலும் இருந்தவை. வெளியே சீடர்களிடம் பரவிய பாட்டு வாய்க்கு வாய் மாறிக்கொண்டிருந்தது. மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். ஒரு பழைய அமைப்பு, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஒரே ஆள், எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. அந்த ஆளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு வெளியாள் வருகிறார். சென்னையில் அரசு வேலையில் இருந்த கிறிஸ்தவர், ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார். நம்முடைய சங்கீதத்தை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டு உலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வெறி. 1890களில் அப்படி ஒரு வெளியீட்டைத் தொடங்கி, கைப்பணத்தைப் போட்டு, நஷ்டப்பட்டு, கண்பார்வையும் குறைந்தவர். அவர் எட்டயபுரத்துக்காரரைத் தேடிப் பிடித்தார். வீட்டுப் பாட்டை வெளியே கொடுக்க சுப்பராமருக்கு ஆரம்பத்தில் மனமில்லை. இதை அச்சில் கொண்டுவராவிட்டால் எல்லாம் போய்விடும் என்று முதலியார் எட்டயபுரம் மன்னரிடமே எடுத்துச் சொன்னார். மன்னர் உத்தரவிட, அறுபது வயதைத் தாண்டிய சுப்பராமர் எழுத உட்கார்ந்தார்.

1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. தெலுங்கில். ஆயிரத்து எழுநூறு பக்கம் அளவுக்கு. 72 மேளங்கள், அவற்றின் ராகங்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கணம், கீதம், கீர்த்தனை, சஞ்சாரி. முத்துசுவாமியின் கீர்த்தனைகள் மட்டும் 229. எல்லாம் ஸ்வரக் குறிப்போடு. கூடவே வாக்கேயக்காரர்களின் வரலாறு. திருத்தணிக் கற்கண்டுக் கதை உட்பட, தீட்சிதர் வாழ்க்கையாக இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இங்கிருந்து வருவதுதான்.

காலத்தைப் பாருங்கள். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் அச்சில் கொண்டுவந்துவிட்டார். அதே பத்திருபது வருடத்தில், தெற்கே ஒரு கரிசல் காட்டு ஜமீன் ஊரில், ஒரு கிழவர் பாட்டுக்கு அதையே செய்துகொண்டிருந்தார். சாமிநாதையர் ஓலையிலிருந்து எடுத்தார். சுப்பராமர் ஓலையோடு தன் தொண்டையிலிருந்தும் எடுக்க வேண்டியிருந்தது.

1906இல் அவர் இறந்தபோது எட்டயபுரத்தில் பிறந்த இன்னொருவர் இரங்கற்பா எழுதினார். சுப்பிரமணிய பாரதி. பாட்டு தமிழில் வேண்டும், ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று அழுத்திச் சொன்ன பாரதி, சம்ஸ்கிருதக் கீர்த்தனைகளைத் தெலுங்கில் அச்சிட்ட கிழவருக்காக அழுதார் என்பதை இரண்டு கட்சிக்காரர்களும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எழுதினால் பாட்டு வருமா?

சுப்பராமரின் நிஜமான சவால் ஸ்வரம் இல்லை, கமகம். ஸ ரி க ம என்று எழுதுவது சுலபம். ரி-யை எவ்வளவு அசைப்பது, எங்கிருந்து வழுக்கி வருவது, எங்கே அழுத்துவது, இதில்தான் ராகம் இருக்கிறது. தோடியின் ஸ்வரங்களை ஹார்மோனியத்தில் நேராக அழுத்திப் பாருங்கள், தோடி வராது.

இதற்காக அவர் ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வைத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏறும் ஜாருவுக்குச் சாய்கோடு, இறங்கும் ஜாருவுக்கு எதிர்ப்பக்கச் சாய்கோடு. நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிகை என்று வரிசையாகப் போகிறது. பேர்களைக் கவனியுங்கள். புத்தகம் தெலுங்கு, பாட்டு சம்ஸ்கிருதம், விரலின் அசைவுக்குப் பேரோ பாதி தமிழ். வீணைக்காரர்கள் வீட்டில் புழங்கிய சொற்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்ததை ம.பொ.சி.யின் போராட்டத்தோடு எங்கள் ஊரில் இன்னும் பேசுவார்கள். ஒரே தெருவில் இரண்டு மொழி பேசி வளர்ந்த எங்களுக்கு அந்தப் புத்தகத்தின் மொழிக் கலவை வேடிக்கையாகத் தெரியாது. வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கும்.

ஆனால் இவ்வளவு குறி போட்டும், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாட முடியுமா? முடியாது. பாடத் தெரிந்தவர்தான் அதைப் பார்த்துப் பாட முடியும். குறி ஞாபகப்படுத்தும், கற்றுக்கொடுக்காது.

அஸர்பைஜானில் முகாம் என்று ஒரு மரபு உண்டு. ராக ஆலாபனைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. பாடுகிறவர் கையில் நம்ம கஞ்சிராவைவிடப் பெரிய ஒரு கவால், பக்கத்தில் தார், கமான்சா என்று இரண்டு தந்தி வாத்தியம். 2003இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்த கலை. அதன் பெரும் பாடகர் அலீம் காசிமோவ். மகள் ஃபர்கானா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். யூட்யூபில் தேடிக் கேளுங்கள். அப்பா ஒரு வரியை எடுத்து மேலே கொண்டுபோய் நிறுத்துவார். மகள் அதே இடத்திலிருந்து எடுப்பார், ஆனால் அதே பாதையில் போகமாட்டார். சில இடங்களில் மகளைப் பார்த்து அப்பா சிரிப்பார். பாரம்பரியம் கைமாறுவதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கும். எந்தக் காகிதமும் வேண்டாம். இரண்டு பேர் ஒரே மேடையில் உயிரோடு இருந்தால் போதும்.

தீட்சிதர் வீட்டுக்கு இந்த வசதி இல்லை. முத்துசுவாமியும் சுப்பராமரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பெரியவர் இறந்து நாலு வருடம் கழித்துத்தான் சிறியவர் பிறக்கிறார். இடையில் ஒரே ஒரு ஆள், பாலுஸ்வாமி. ஒற்றை நூல். அது அறுந்திருந்தால் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் தீட்சிதர் வேறு ஆள். காகிதத்துக்கு இந்த வீடு போனது பயத்தில். அந்தப் பயம் நியாயமானது.

பாட்டு வீட்டைவிட்டுப் போனது

சுப்பராமரின் மகன் பேரும் முத்துசுவாமிதான். அம்பி என்று கூப்பிட்டார்கள். 1863இல் பிறந்த அம்பி தீட்சிதர் அப்பாவுக்குப் பிறகு எட்டயபுரத்தில் வித்வானாக இருந்து, கடைசிக் காலத்தில் சென்னைக்கு வந்தார். சபாக்கள் பெருகிக்கொண்டிருந்த சென்னை. ஜமீன்கள் சுருங்கிக்கொண்டிருந்த காலம். அப்பா எழுதியதை அச்சுப் புத்தகமாக மட்டும் விட்டுவிடாமல் தொண்டைகளுக்குக் கொண்டுபோக அம்பி ஆள் தேடினார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கிடைத்தவர்களைப் பாருங்கள். ஒருத்தர் வக்கீல். டி.எல். வேங்கடராம ஐயர். பிற்பாடு உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே ஆனார். அதற்கு முன்பே, 1944இல், மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி. இன்னொருவர் காஞ்சிபுரத்துச் சிறுமி, 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள். பிராமணப் பெண் மேடையேறிப் பாடுவதா என்று கேட்ட ஊரில் பாடினவர். அம்பி தீட்சிதரிடமும் வேங்கடராம ஐயரிடமும் அவர் தீட்சிதர் பாடல்களைக் கற்றார். மூன்றாவது, கல்லிடைக்குறிச்சி அனந்தகிருஷ்ண ஐயர். அவர் கல்கத்தாவுக்குப் போய் குருகுஹ கான வித்யாலயம் என்றே பேர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்தான் வீணை கல்பகம் சுவாமிநாதன்.

1936இல் அம்பி தீட்சிதர் மறைந்தார். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்று இராமஸ்வாமி காலத்திலிருந்து வந்த பெருவழி அவரோடு நிற்கிறது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஒரு நீதிபதி, ஒரு பெண், ஒரு கல்கத்தா வாத்தியார். மூன்று பேரிடமும் தீட்சிதர் ரத்தம் கிடையாது.

இதற்கிடையில் இன்னொரு கிளை, சத்தமில்லாமல், வேறொரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. முத்துசுவாமியின் சீடர் சுத்தமத்தளம் தம்பியப்பனிடம் கற்றவர் சாத்தனூர் பஞ்சு ஐயர். அவரிடம் கற்றவர் வீணை தனம்மாள். 1867இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தவர், தேவதாசிக் குடும்பம். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று பெண்வழியாக இறங்கிய சொத்து அந்த வீட்டுடையது. அவர் பேத்திகள்தான் டி. பிருந்தா, டி. முக்தா, நடனத்தில் பாலசரஸ்வதி. தீட்சிதர் பாட்டு எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டால் பெரிய வித்வான்கள் எல்லாம் பிருந்தாம்மாவிடம் பாடம் கேட்கப் போனார்கள்.

இந்தக் கிளையைப் பற்றிப் பேசும்போது நாம் ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. அச்சுப் புத்தகம் ஒரு வீட்டின் பாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், தனம்மாள் மாதிரிப் பெண்களின் வீடுகள் மரியாதை இழந்துகொண்டிருந்தன. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசிப் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கான தேவை உண்மையானது. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சமூகத்துத் தாய்க்குப் பிறந்தவர்தான். ஆனால் முறையைக் கண்டிக்கப் போய் அந்தப் பெண்களின் வித்தையையும் சேர்த்தே கீழே தள்ளியது சமூகம். பாட்டு வேண்டும், பாடுகிறவள் வீடு வேண்டாம். ‘சுத்தமான பாடாந்தரம்’ என்று சபா வாசலில் இன்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி அந்த வீடுகள் வழியாக வந்தது.

எது சரியான தீட்சிதர், புத்தகமா வாய்ப்பாடமா என்ற சண்டை இன்னமும் ஓய்ந்தபாடில்லை. சுப்பராமர் கொடுத்தது 229. அதற்குப் பிறகு அச்சான தொகுப்புகளைச் சேர்த்தால் எண்ணிக்கை 450-ஐத் தாண்டும். கூடுதலாக வந்தவை எல்லாம் அவருடையவைதானா? நவக்கிரகக் கீர்த்தனைகளில் சுப்பராமர் அச்சிட்டது ஞாயிறு முதல் சனி வரை ஏழு. ராகுவும் கேதுவும் பின்னால் வந்து சேர்ந்தவை. மேடையிலோ ஒன்பதும் தீட்சிதர்தான். புத்தகத்தில் இருக்கும் ராக நடைக்கும் இன்று பாடும் நடைக்கும் பல இடங்களில் வித்தியாசம் இருக்கிறது. சிலர் புத்தகத்துக்கே திரும்பிப் போகலாம் என்கிறார்கள். சிலர் குரு சொன்னதுதான் என்கிறார்கள்.

எனக்கு இந்தச் சண்டை நல்லதாகவே படுகிறது. சொத்து ஒருத்தர் பெட்டியில் இருந்தால் சண்டை வராது. பூட்டிய பெட்டியைப் பற்றி யார் சண்டை போடுவார்கள்? சுப்பராமர் பெட்டியைத் திறந்து தெருவில் வைத்ததால்தான், கல்கத்தாவில் கற்றவரும் ஜார்ஜ் டவுனில் கற்றவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘இது இப்படி இல்லை’ என்று சொல்ல முடிகிறது. 1961 முதல் மியூசிக் அகாதமி அந்தப் புத்தகத்தைத் தமிழ் எழுத்திலும் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. இப்போது தெலுங்கு தெரியாத திருத்தணிப் பிள்ளையும் அதைப் படிக்கலாம்.

வேறொன்றும் நடந்தது. டி.கே. பட்டம்மாள் அம்பி தீட்சிதரிடம் வாங்கிக்கொண்டதைத் தம்பி டி.கே. ஜெயராமனுக்குக் கொடுத்தார். பேத்தி நித்யஸ்ரீ மகாதேவனுக்கும் கொடுத்தார். தீட்சிதர் வீட்டைவிட்டுப் போன பாட்டு இன்னொரு வீட்டில் போய் மறுபடியும் குடும்பச் சொத்தாகிவிட்டது. அந்த வீட்டுக்கும் ஒருநாள் ஜன்னலைத் திறக்க வேண்டிவரும், இல்லை யாராவது ஒரு சின்னஸ்வாமி முதலியார் வந்து கதவைத் தட்ட வேண்டிவரும்.

அடுத்தமுறை மலை ஏறினால் ‘ஸ்ரீநாதாதி’யைக் காதில் போட்டுக்கொண்டு ஏறிப் பாருங்கள். பட்டம்மாள் பாடியது கிடைத்தால் நல்லது, யார் பாடினாலும் பரவாயில்லை. முதல் நாலு ஸ்வரத்திலேயே தெரிந்துவிடும், நீங்கள் ஆறு வயதில் பாட்டு கிளாஸில் உட்கார்ந்து கத்திய அதே ஸ ரி க ம. அதை முத்துசுவாமிக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா.